பத்தாவது வாரத்தில் தளர்ந்த இதயம்: கருவறை எரிபொருளும் பால் எரிபொருளும்

இங்கே வருவது ஒரே குழந்தையின் மருத்துவக் குறிப்பு அல்ல. விஎல்சிஏடி குறைபாடு உள்ள சிசுக்களிடம் வழக்கமாகக் காணப்படுவதைக் கோத்து, பாடத்துக்காக அமைத்த நிகழ்வு. நீண்ட சங்கிலிக் கொழுப்பமிலங்களை முதலில் வெட்ட வேண்டிய நொதிதான் விஎல்சிஏடி. பிறந்த இதயம் எரிபொருள் மாறுவதை இந்த நோய் காட்டுவதுபோல் வேறெதுவும் அவ்வளவு தெளிவாகக் காட்டுவதில்லை.

இரண்டாம் நாள்

ஆண் குழந்தை, 38 வாரம், 2.9 கிலோ, சுகப்பிரசவம். பெற்றோர் அத்தை மகன், மாமன் மகள். முதல் குழந்தை பிறந்த மூன்றாம் நாள் "பால் புரையேறி" இறந்ததாகக் குடும்பத்தார் சொன்னார்கள். அந்த ஒரு வரி கேஸ் ஷீட்டில் பதிவானதோடு சரி. யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறந்து 40 மணி நேரம் ஆனபோது குழந்தை பாலுக்கு எழவில்லை. உடல் குளிர்ந்து, கைகால் துவண்டிருந்தது. இரத்தச் சர்க்கரை 22 மி.கி./டெ.லி. சிறுநீரில் கீட்டோன் இல்லை. 10% டெக்ஸ்ட்ரோஸ் கிலோவுக்கு 2 மி.லி. வீதம் 5.8 மி.லி. சிரையில் செலுத்தப்பட்டது. பிறகு நிமிடத்துக்குக் கிலோவுக்கு 6 மி.கி. குளுக்கோஸ் போகும்படி டிரிப் ஓடியது. அரை மணியில் குழந்தை கண் விழித்து அழுதது. கிருமித் தொற்று என்ற சந்தேகத்தில் ஐந்து நாள் ஆன்டிபயாடிக்; கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. எக்கோவில் இதயச் சுவர் லேசாகத் தடித்திருந்தது, சுருங்கும் திறன் சரியாக இருந்தது.

ஐந்தாம் நாள் குதிகாலில் குத்தி எடுத்த இரத்தத்துளியில் சி14:1 அசைல்கார்னிட்டின் (எரியாமல் தேங்கிய 14 கார்பன் கொழுப்பமிலம் கார்னிட்டினோடு கோத்த வடிவம்) வரம்பை ஒட்டி இருந்தது. அறிக்கையில் "மீண்டும் பார்க்கவும்" என்று எழுதியிருந்தது. பார்க்கப்படவில்லை. சீம்பால் போதாததால் சர்க்கரை இறங்கிவிட்டது என்ற விளக்கத்தோடு தாயும் சேயும் வீடு திரும்பினார்கள்.

சீம்பால் குறைவு என்ற விளக்கம் பொய்யல்ல, போதாது. முதல் இரண்டு நாளில் பால் எல்லாத் தாய்மாருக்கும் கொஞ்சம்தான் சுரக்கும். நலமான சிசு அந்த இடைவெளியைத் தன் உடல் கொழுப்பைக் கரைத்துக் கடந்துவிடும். கரைந்த கொழுப்பை ஈரல் கீட்டோனாக்கும். மூளையும் இதயமும் அதை எரிக்கும். சர்க்கரை இவ்வளவு இறங்கியும் கீட்டோன் இல்லை என்றால், கொழுப்பு எரியவில்லை அல்லது இன்சுலின் மிகுந்து கொழுப்பைக் கரையவே விடவில்லை. இரண்டில் எது என்று பிரித்துக் கேட்டிருக்க வேண்டிய நாள் அது. சர்க்கரை தாழ்ந்திருந்த நேரத்து இரத்தத்தில் இன்சுலினையும் கட்டற்ற கொழுப்பமிலத்தையும் அளந்திருந்தால் பதில் அன்றே கிடைத்திருக்கும். இன்சுலின் மிகுந்தால் கொழுப்பமிலம் தாழும்; கொழுப்பு எரிப்பில் குறை என்றால் கொழுப்பமிலம் எகிறியிருக்கும், கீட்டோன் மட்டும் இருக்காது.

கருவறையில் ஏன் ஒன்றும் தெரியவில்லை

ஒன்பது மாதமும் இந்த இதயம் குறையில்லாமல் துடித்தது. அதற்கு அங்கே கொழுப்பு தேவைப்படவில்லை.

கருவின் இரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் குறைவு. நஞ்சுக்கொடியிலிருந்து வரும் தொப்புள் சிரையிலேயே 30 மி.மீ. பாதரசத்தை ஒட்டித்தான் இருக்கும். கட்டற்ற கொழுப்பமிலமும் மிகக் குறைவு. நிறைய இருப்பது லாக்டேட். நஞ்சுக்கொடியே அதை உற்பத்தி செய்து அனுப்புகிறது. கருவிலுள்ள செம்மறிக் குட்டிகளுக்குக் குழாய் பொருத்தி அளந்தபோது, இதயம் எரித்ததில் பெரும்பகுதி லாக்டேட்டும் குளுக்கோஸும்தான் என்று தெரிந்தது. போதாக்குறைக்குக் கரு இதயத் தசையில் கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரையின் இருப்பும் பெரியவர்களுடையதைவிடப் பன்மடங்கு. ஆக்சிஜன் தட்டினால் சிறிது நேரம் அதை வைத்தே ஓட்டும்.

ஆக்சிஜன் கணக்கிலும் இது பொருந்துகிறது. 16 கார்பன் கொழுப்பமிலமான பால்மிட்டேட்டின் ஒரு மூலக்கூறு முழுதாக எரிய 23 ஆக்சிஜன் வேண்டும், நிகரமாக 106 ஏடிபி (செல் செலவிடும் ஆற்றல் நாணயம்) கிடைக்கும். அதாவது ஓர் ஆக்சிஜனுக்கு 4.6. குளுக்கோஸுக்கு 6 ஆக்சிஜன், 30 முதல் 32 ஏடிபி. ஓர் ஆக்சிஜனுக்கு 5க்கு மேல். ஆக்சிஜன் அரிதாக இருக்கும் இடத்தில் சர்க்கரை சிக்கனம். ஆக்சிஜன் தாராளமாகி, பால் வழியே கொழுப்பு கொட்டத் தொடங்கியதும் சிக்கனம் பார்க்கத் தேவையில்லை.

பிறந்த பிறகு மாற்றம் எவ்வளவு வேகம் என்பதைக் கனடாவின் எட்மன்டனில் கேரி லோபசுக் குழு 1991இல் முயல் குட்டிகளின் இதயத்தை வெளியே எடுத்து ஓட்டிக் காட்டியது. ஒரு நாள் குட்டியின் இதயத்தில் ஏடிபியில் ஏறக்குறைய பாதி கிளைக்கோலிசிஸிலிருந்து, அதாவது ஆக்சிஜன் இல்லாமலே சர்க்கரையை உடைப்பதிலிருந்து வந்தது. ஏழு நாள் குட்டியில் அது பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. கொழுப்பமிலம் முதலிடத்துக்கு வந்தது. முயலின் ஒரு வாரத்தை மனிதக் குழந்தையின் நாட்காட்டியில் அப்படியே ஒட்ட முடியாது. திசை ஒன்றுதான். வளர்ந்த மனித இதயம் தன் ஏடிபியில் பெரும்பகுதியைக் கொழுப்பமிலத்திலிருந்தே எடுக்கிறது.

மாற்றத்தை நடத்துவது மைட்டோகாண்ட்ரியாவின் வாசலில் நிற்கும் சிபிடி-1 நொதி. நீண்ட கொழுப்பமிலம் கார்னிட்டினோடு கோத்துக்கொண்டால்தான் உள்ளே போகும், கோப்பது சிபிடி-1. அதைப் பூட்டிவைப்பது மலோனைல்-கோஏ. கருவில் இன்சுலின் ஓங்கியிருக்கும், அசெட்டைல்-கோஏ கார்பாக்சிலேஸ் சுறுசுறுப்பாக மலோனைல்-கோஏவைத் தயாரிக்கும், வாசல் ஏறக்குறைய சாத்தியே இருக்கும். தொப்புள்கொடியை வெட்டியதும் குளுக்கோஸ் வரத்து நிற்கிறது. இன்சுலின் இறங்குகிறது, குளுக்ககான் ஏறுகிறது. ஏஎம்பிகே என்ற நொதி விழித்து, கார்பாக்சிலேஸை முடக்குகிறது. இன்னொரு நொதி மிச்ச மலோனைல்-கோஏவைச் சிதைக்கிறது. பூட்டு கழன்றுவிடுகிறது.

வாசற்காவலனும் மாறுகிறான். பிறந்த இதயத்தில் ஈரல் வகை சிபிடி-1 கணிசமாக உண்டு. அது குறைந்த கார்னிட்டினிலும் வேலை செய்யும். சிசு இதயத்தில் கார்னிட்டின் குறைவு என்பதால் இந்த ஏற்பாடு கச்சிதம். கார்னிட்டின் சேரச் சேரத் தசை வகை பொறுப்பை எடுத்துக்கொள்கிறது. அதற்குக் கார்னிட்டின் அதிகம் வேண்டும், மலோனைல்-கோஏவுக்கும் அது எளிதில் அடங்கும்.

இது மணிக்கணக்கில் நடக்கும் மாற்றம். நாள்கணக்கில் நடப்பது மரபணு அளவிலானது: குறைந்த ஆக்சிஜனில் நிலைத்திருந்த ஹிஃப்-1 ஆல்ஃபா புரதம் சிதைகிறது, கொழுப்பு எரிக்கும் மரபணுக்களை முடுக்கும் பிபார்-ஆல்ஃபாவும் பிஜிசி-1 ஆல்ஃபாவும் எழுகின்றன, மைட்டோகாண்ட்ரியா பெருகி முதிர்கின்றன, குளுக்கோஸை உள்ளே விடும் கதவு க்ளூட்-1இலிருந்து க்ளூட்-4க்கு மாறுகிறது. பாலும் வெறும் எரிபொருள் அல்ல. தாய்ப்பாலிலுள்ள காமா-லினோலெனிக் அமிலமே கொழுப்பு எரிக்கும் மரபணுக்களை முடுக்கும் சைகை என்று எலிக்குட்டிகளில் 2023இல் காட்டினார்கள். இந்த மாற்றத்துக்கு விலையும் உண்டு: ஒரு நாள் எலிக்குட்டி இதயத்தின் நுனியை வெட்டினால் திரும்ப வளரும், ஏழாம் நாள் வெட்டினால் வடுதான். கொழுப்பு எரிப்புக்கு மாறுவதும் செல் பிரிவதை நிறுத்துவதும் ஒன்றோடொன்று பிணைந்தவை.

இந்தக் குழந்தையிடம் வாசல் சரியான நேரத்தில் திறந்தது, காவலன் மாறினான், மரபணுக்கள் விழித்தன. உள்ளே வந்த 16 கார்பன் சங்கிலியில் முதல் இரண்டு கார்பனை நறுக்க வேண்டிய கத்தி மட்டும் மொண்ணை. வாசல் திறந்தது இங்கே ஆபத்தாகவே முடிந்தது. உள்ளே வந்து வெட்டுப்படாமல் தேங்கியவை 14, 16, 18 கார்பன் அசைல்கார்னிட்டின்களாக வெளியே வழிகின்றன. அவை சவ்வுகளைச் சோப்புப்போல் குலைத்து, கால்சியம் ஓட்டத்தைக் கெடுத்து, இதயத் துடிப்பைத் தடம் புரளவைக்கும்.

பத்தாவது வாரம்

எடை 4.6 கிலோ. தாய்ப்பால் மட்டும். இரண்டு நாளாகச் சளி, பால் குடிப்பது பாதியானது, இரவில் ஆறு மணி நேரம் தொடர்ந்து தூங்கியது. "நல்லாத் தூங்குறான்" என்று வீட்டில் நிம்மதிதான். காலையில் மூச்சு நிமிடத்துக்கு 70, நாடி 190, ஈரல் விலாவுக்குக் கீழே 4 செ.மீ., கைகால் சாம்பல் நிறம். சர்க்கரை 38, கீட்டோன் மிகச் சிறிது. தசைச் சேதத்தைக் காட்டும் கிரியாட்டின் கைனேஸ் 2,400, ஈரல் நொதி ஏஎல்டி 180, அம்மோனியா சற்றே உயர்வு. எக்கோவில் இரு கீழறைச் சுவரும் தடித்து, வெளியேற்ற விகிதம் (ஒரு துடிப்பில் கீழறை வெளியே தள்ளும் இரத்தப் பங்கு) 28%, இதய உறையில் நீர். மானிட்டரில் கீழறை மிகைத்துடிப்பு விட்டுவிட்டு ஓடியது.

இங்கே முதல் முடிவு எரிபொருள் பற்றியது, இரண்டாவதுதான் இதய மருந்து. வரிசையை மாற்றினால் மருந்தே எதிரியாகும். அட்ரினலின் கொழுப்புத் திசுவைக் கரைத்துக் கொழுப்பமிலத்தை இரத்தத்தில் கொட்டும். வெட்ட முடியாத சரக்கு இன்னும் குவியும். குளுக்கோஸ் ஓட ஆரம்பித்த பிறகு, தேவைக்கு மேல் போகாமல் சேர்ப்பது பாதுகாப்பு.

இலக்கு நிமிடத்துக்குக் கிலோவுக்கு 10 மி.கி. குளுக்கோஸ். 4.6 கிலோவுக்கு மணிக்கு 2,760 மி.கி. பத்து சதவீத டிரிப்பில் இதைக் கொடுக்க மணிக்கு 27.6 மி.லி. வேண்டும், நாளுக்குக் கிலோவுக்கு 144 மி.லி. தளர்ந்த இதயத்துக்கு இவ்வளவு நீர் தாங்காது. 25% கரைசலை மையச் சிரைக் குழாயில் விட்டால் மணிக்கு 11 மி.லி., நாளுக்குக் கிலோவுக்கு 58 மி.லி. போதும். 12.5 சதவீதத்துக்கு மேல் கைச் சிரையில் விடக் கூடாது. சிரை வெந்து, கசிந்தால் தோலும் போய்விடும். மையக் குழாய் போடும் வரை கைச் சிரையில் 12.5% ஓடலாம், காலியாகக் காத்திருப்பதுதான் தவறு.

நான்காம் மணியில் சர்க்கரை 240க்குப் போனது. டிரிப்பைக் குறைக்கத்தான் கை போகும். குறைக்கவில்லை, மணிக்குக் கிலோவுக்கு 0.02 யூனிட் இன்சுலின் சேர்க்கப்பட்டது, அரை மணிக்கொரு முறை சர்க்கரை பார்க்கப்பட்டது, பொட்டாசியம் கண்காணிக்கப்பட்டது. குளுக்கோஸைத் தசைக்குள் தள்ளுவது இன்சுலினின் ஒரு வேலை. கொழுப்பு கரைவதைப் பூட்டுவது இன்னொரு வேலை. இங்கே முக்கியம் இரண்டாவது. கருவறையின் ஓங்கிய இன்சுலினையும் சாத்திய வாசலையும் டிரிப் வழியாகத் திரும்ப அமைத்துக் கொடுக்கிறோம் என்று இந்தச் சிகிச்சை முழுவதையும் புரிந்துகொள்ளலாம்.

மிகைத்துடிப்பு ஒருமுறை நிலைத்து இரத்த அழுத்தம் சரிந்தபோது, கிலோவுக்கு 1 ஜூல் வீதம் ஒத்திசைந்த மின்னதிர்ச்சி கொடுத்ததும் அடங்கியது. உறை நீர் அழுத்தும் அளவுக்கு இல்லாததால் குத்தி எடுக்கவில்லை.

கொடுக்கக் கூடாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். சிரை வழிக் கொழுப்புக் கரைசல் நீண்ட சங்கிலிக் கொழுப்பு. "கலோரி போதவில்லை" என்று அதைத் தொங்கவிடுவது எரியும் வீட்டில் விறகு அடுக்குவது. புரோபோஃபோல் மயக்க மருந்தும் கொழுப்புக் குழம்பில்தான் வருகிறது. மூச்சுக்குழாய் போடும் அவசரத்தில் இதைக் கேட்க ஒருவர் இருக்க வேண்டும்.

கார்னிட்டின் விஷயத்தில் கருத்து வேறுபாடு உண்டு. கார்னிட்டின் உறிஞ்சும் பிறவிக் குறையில் அது உயிர்காக்கும் மருந்து. அந்தக் குழந்தையின் கட்டற்ற கார்னிட்டின் தரைமட்டத்தில் இருக்கும். விஎல்சிஏடியில் அதே கார்னிட்டின், தேங்கிய நீண்ட சங்கிலிகளை அசைல்கார்னிட்டினாக மாற்றித் துடிப்பைக் கெடுக்கக்கூடும் என்ற அச்சம் இருக்கிறது. முடிவு வரும் முன் ஊகத்தில் பெரிய அளவு கொடுப்பதைவிட, அளந்து பார்த்து, கட்டற்ற கார்னிட்டின் மிகத் தாழ்ந்தால் மட்டும் சிறிய அளவு கொடுப்பதே இந்நிகழ்வில் எடுத்த நிலை.

டிரிப் தொடங்கும் முன் எடுத்த பிளாஸ்மாவில் சி14:1 3.1 மைக்ரோமோல்/லிட்டர், சி14:2, சி14 உயர்வு. சி16, சி18:1 மட்டும் உயர்ந்திருந்தால் சிபிடி-2 அல்லது உள்சவ்வைக் கடத்தும் புரதத்தின் குறை. ஹைட்ராக்சி வகைகள் உயர்ந்திருந்தால் எல்சிஹெச்ஏடி என்ற வேறொரு நீண்ட சங்கிலி நொதியின் குறை. ஈசிஜியில் பிஆர் இடைவெளி குறுகி, க்யூஆர்எஸ் வானளாவியிருந்தால் முதலில் இதயத் தசையில் கிளைக்கோஜன் தேங்கும் போம்ப்பே (Pompe) நோய் நினைவுக்கு வரும். இங்கே அப்படி இல்லை. விஎல்சிஏடியை உருவாக்கும் ஏசிஏடிவிஎல் மரபணுவின் இரு பிரதிகளிலும் ஒரே பிழை. பெற்றோர் இருவரும் தலா ஒரு பிழைப் பிரதி சுமப்பவர்கள்.

ஐந்தாம் நாள் துளி ஏன் பொய் சொன்னது

அந்த இரத்தத்துளி எடுக்கும்போது குழந்தைக்கு டெக்ஸ்ட்ரோஸ் ஓடிக்கொண்டிருந்தது, பாலும் இறங்கியது. அதாவது கொழுப்பு எரிப்பு அமுங்கியிருந்த நேரம். சி14:1 இறங்கி வரம்புக்குள் நழுவும். விஎல்சிஏடியைத் தவறவிடும் வழிகளில் இதுதான் தேய்ந்துபோன பாதை. 48 முதல் 72 மணிக்குள், குளுக்கோஸ் தொடங்கும் முன் எடுத்த துளிதான் பேசும். முடியாவிட்டால் மரபணுப் பரிசோதனைக்கு நேராகப் போக வேண்டும், "சரியாக இருக்கிறது" என்று மூடக் கூடாது. இந்தியாவில் எல்லாச் சிசுவுக்கும் இந்தப் பரிசோதனை பொதுவாக நடப்பதில்லை என்பதால், எடுத்த ஒரே துளியின் விலை இன்னும் கூடுதல்.

இரண்டாம் நாள் திடமாக இருந்த இதயம் பத்தாவது வாரம் ஏன் தளர்ந்தது என்பதற்கும் எரிபொருள் கணக்கே விடை. முதல் வாரத்தில் கிளைக்கோலிசிஸ் இன்னும் கைகொடுத்தது. பத்து வாரத்தில் அந்தப் பழைய ஏற்பாடு கலைந்துவிட்டது. தேங்கிய கொழுப்பமிலங்கள் பிபார்-ஆல்ஃபாவை மேலும் தூண்டும். அது பிடிகே4 என்ற நொதி வழியாகப் பைருவேட் எரிக்கும் நொதியை அடக்கும். எரிக்க முடியாத எரிபொருளுக்காக, எரிக்கக்கூடியதன் வழியையும் இதயமே அடைத்துக்கொள்கிறது. சளி, பாதிப் பால், ஆறு மணித் தூக்கம் மூன்றும் சேர்ந்தது கடைசித் தள்ளு. இதயத்தில் எந்நேரமும் இருக்கும் ஏடிபி சில துடிப்புகளுக்குத்தான் காணும். இருப்பு வைத்துச் சமாளிக்கும் உறுப்பு அல்ல.

உணவு, வீடு, அடுத்த குழந்தை

மூன்றாம் நாள் குழாய்வழி உணவு தொடங்கியது. எம்சிடி (நடுச்சங்கிலிக் கொழுப்பு) சேர்த்த சிறப்புப் பால் மாவு. எட்டு, பத்து கார்பன் கொழுப்புகளுக்கு இந்த வாசலும் வேண்டாம், இந்தக் கத்தியும் வேண்டாம். ஈரல் அவற்றைக் கீட்டோனாக்கி இதயத்துக்கு அனுப்பும். எம்சிடி கொடுக்கும் முன் நடுச்சங்கிலி நொதிக் குறை இல்லை என்று அசைல்கார்னிட்டின் அறிக்கையில் உறுதிசெய்தாக வேண்டும். அந்த நோயில் எம்சிடி நஞ்சு.

கணக்கு இப்படி: நாளுக்குக் கிலோவுக்கு 120 கிலோகலோரி, மொத்தம் 552. நீண்ட சங்கிலிக் கொழுப்பு 15%க்குள், அதாவது 9 கிராம். எம்சிடி 25%, ஏறக்குறைய 16.6 கிராம். நீண்ட சங்கிலியை ஒரேயடியாக அறுத்தால் அத்தியாவசியக் கொழுப்பமிலம் தட்டி, தோல் உரியும், வளர்ச்சி நிற்கும். லினோலெயிக் அமிலம் ஆற்றலில் 3% வேண்டும், 1.8 கிராம். அக்ரூட் எண்ணெய் 3.5 கிராம் இதையும் ஆல்ஃபா-லினோலெனிக் பங்கையும் சேர்த்துத் தந்துவிடும். பால் மாவில் ஏற்கெனவே உள்ளதைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

தேங்காய் எண்ணெய் போதாதா என்று பெரும்பாலும் எல்லா வீட்டிலும் கேட்பார்கள். போதாது. அதில் எட்டும் பத்தும் சேர்ந்து 15% அளவுதான். பாதி லாரிக் அமிலம், 12 கார்பன். 14 கார்பன் மிரிஸ்டிக் ஐந்தில் ஒரு பங்கை நெருங்கும், இந்தக் குழந்தைக்கு ஆகாத அதே நீளம். "எம்சிடி நிறைந்தது" என்று விற்கும் செக்கு எண்ணெயும் அதே எண்ணெய்தான்.

தாய்ப்பாலை நிறுத்தச் சொல்வது இந்தச் சிகிச்சையின் கடினமான பகுதி. பாலின் கலோரியில் பாதி கொழுப்பு, அதில் மிகப் பெரும்பகுதி நீண்ட சங்கிலி. இலேசான வகையில் பாதியளவு தாய்ப்பால் தொடரலாம். இதயம் பாதிக்கப்பட்ட வகையில் முதலில் முழுதும் நிறுத்தி, இதயம் தேறிய பிறகு அந்த 9 கிராம் வரம்புக்குள் சிறிதளவு திரும்பக் கொடுக்கலாம். பால் கட்டிக்கொள்ளாமல் கறந்து வற்றவைக்கும் வழியையும் அன்றே தாய்க்குச் சொல்ல வேண்டும்.

வீட்டில் விதி ஒன்று: நான்கு மாதம் வரை இரவிலும் மூன்று மணிக்கொரு முறை எழுப்பிப் பால். சளி, வாந்தி, தடுப்பூசிக் காய்ச்சல் என்றால் இடைவெளி இன்னும் குறையும். இரண்டு வேளை உண்ணாவிட்டால் மருத்துவமனை, சர்க்கரை சரியாக இருந்தாலும். இந்த நோயில் சர்க்கரை கடைசியாகத்தான் இறங்கும், தசையும் இதயமும் அதற்கு முன்பே அடிபட்டிருக்கும். பையில் எப்போதும் இருக்க வேண்டிய தாளில் நோயின் பெயர், டிரிப் அளவு, "கொழுப்புக் கரைசல் வேண்டாம்" என்ற மூன்றும் போதும். ஒரு வயதை ஒட்டி, தூங்கும் முன் வேகவைக்காத மக்காச்சோள ஸ்டார்ச் (கார்ன்ஃப்ளோர்) கிலோவுக்கு 1 கிராம் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தால் இரவைக் கொஞ்சம் நீட்டலாம். சூடாக்கினால் பயனில்லை, சட்டென்று செரித்துவிடும்.

வெளியேற்ற விகிதம் ஆறு வாரத்தில் 45%, ஐந்து மாதத்தில் 62%. சுவர்த் தடிப்பு அதற்குப் பின்தான் இறங்கியது. பிறவி இதயத் தசை நோய்களில் இப்படித் திரும்பும் வகை அரிது.

டிரைஹெப்டனோயின் என்ற ஏழு கார்பன் எண்ணெய்க்கு அமெரிக்காவில் 2020இல் ஒப்புதல் கிடைத்தது. சம எண் கார்பன் கொழுப்பு முழுவதும் அசெட்டைல்-கோஏவாகவே முடியும். ஏழில் கடைசி மூன்று புரோப்பியோனைல்-கோஏவாகி, சிட்ரிக் சுழற்சியில் வற்றிய இடைப்பொருளை நிரப்பும். 32 பேரிடம் நான்கு மாதம் எட்டு கார்பன் எண்ணெயோடு ஒப்பிட்ட ஆய்வில், இதன் பக்கம் வெளியேற்ற விகிதம் சற்று உயர்ந்தது, இடது கீழறைச் சுவர் நிறை 20% குறைந்தது. விலையும் கிடைப்பதும் வேறு கதை. இந்தக் குழந்தை எம்சிடியிலேயே தேறியது.

அடுத்த கருவுக்கு வாய்ப்பு நான்கில் ஒன்று. மரபணுப் பிழை தெரிந்துவிட்டதால் 11 முதல் 13ஆம் வாரத்தில் நஞ்சுக்கொடித் திசுவில் பார்க்கலாம். பார்க்க விரும்பாத குடும்பத்துக்குப் பிரசவ அறைத் திட்டம் எழுதித் தரப்பட்டது: பிறந்ததும் தொப்புள்கொடி இரத்தம் மரபணுப் பரிசோதனைக்கு; முதல் ஒரு மணிக்குள் எம்சிடிப் பால், பின் இரண்டரை மணிக்கொரு முறை; குடிக்காவிட்டால் உடனே 10% டெக்ஸ்ட்ரோஸ்; 48ஆம் மணியில் துளிப் பரிசோதனை, அன்று டிரிப் ஓடினால் அதையும் தாளில் எழுதி அனுப்புவது; முடிவு கைக்கு வரும் வரை வீட்டுக்கு அனுப்புவதில்லை. முதல் குழந்தையின் மூன்றாம் நாள் இறப்பு இம்முறை கேஸ் ஷீட்டின் மேல் வரியில் இருந்தது.